வேண்டாம் என்றால் எங்கே அமுக்குவது?

காலை ஏழரை மணி. பால் பாக்கெட்டுக்கும் இட்லி மாவுக்கும் கடை முன்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிற நேரம். எங்கள் தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சி, கல்லாவுக்குப் பின்னால் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனை நீட்டினார்.

“தம்பி, இதக் கொஞ்சம் பாருங்க. ராத்திரி கடை சாத்துற வரைக்கும் நல்லாத்தான் இருந்தது. இப்ப என்னமோ ஓகே குடுன்னு மறிச்சிக்கிட்டு நிக்குது. குடுத்துரவா?”

அது கடன் பாக்கி எழுதுகிற செயலி. கொரோனா சமயத்தில் நோட்டை மூடி வைத்துவிட்டு அண்ணாச்சி இதற்கு மாறினார். தெருவில் 140 வீடுகளின் பற்று வரவு முழுக்க அதற்குள் இருக்கிறது. திரையில் ஆங்கிலத்தில் மூன்று வரி: எங்கள் விதிமுறைகளை மாற்றியிருக்கிறோம், தொடர்ந்து பயன்படுத்த ஒப்புக்கொள்ளுங்கள். அதன் கீழே திரையின் அகலத்துக்கு ஒரு பச்சைப் பொத்தான். மூலையில் பெருக்கல் குறி இல்லை. ‘பிறகு பார்க்கலாம்’ இல்லை. பின்னால் போனால் செயலியே மூடிக்கொள்கிறது. திறந்தால் மறுபடியும் அதே திரை.

விதிமுறைகளைப் படிக்கத் தந்திருந்த சுட்டியைத் திறந்தேன். கட்டைவிரலால் தள்ளத் தள்ள முடியவில்லை. பழைய விதி என்ன, புதிதாக எந்த வரி சேர்ந்திருக்கிறது என்று எங்கும் சொல்லவில்லை. நடுவில் ஒரு வரி மட்டும் கண்ணில் பட்டது. கணக்கில் உள்ள விவரங்களைக் கடன் தரும் ‘பங்குதாரர்’ நிறுவனங்களுக்குத் தரலாமாம். அதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே, “அண்ணாச்சி, என் பாக்கி எவ்வளவுன்னு பாருங்க, இன்னைக்குக் குடுத்துடறேன்” என்றார் வரிசையில் நின்ற அம்மா ஒருவர். அண்ணாச்சி போனை வாங்கினார். பச்சைப் பொத்தானை அமுக்கினார். பாக்கி 1,340 ரூபாய் என்று சொன்னார்.

கூட்டம் கலைந்த பிறகுதான் கேட்டார்: “சரி தம்பி, வேண்டாம்னு சொல்லணும்னா எங்க அமுக்கணும்?”

அவருக்குப் பதில் சொல்ல முடியாமல் வீட்டுக்கு வந்தேன். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

பேப்பர் நோட்டில் எழுதிய காலத்தை நினைத்துப் பாருங்கள். நோட்டு விற்றவர் ஐந்து வருஷம் கழித்து வந்து, “இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால்தான் இனி உன் நோட்டைத் திறக்க விடுவேன்” என்று சொன்னால் தெருவே கூடி அவரைத் துரத்தியிருக்கும். செயலியில் அது தினமும் நடக்கிறது. ‘யார் இதையெல்லாம் படிக்கிறார்கள்’ என்று பழியைப் பயனாளர் மேலேயே போட்டு நாமும் பழகிவிட்டோம். படிக்காதது பெரிய குற்றமில்லை. முழுக்கப் படித்துப் புரிந்துகொண்டவருக்கும் அங்கே இருப்பது ஒரே ஒரு பொத்தான்தான். தெருவின் கணக்கெல்லாம் உள்ளே போன பிறகு கேட்கப்படும் சம்மதம், சம்மதம் அல்ல. அண்ணாச்சி அமுக்கிய ஒரு பொத்தானில் 140 வீட்டுக்காரர்களின் தொலைபேசி எண்ணும், யார் எவ்வளவு கடன் என்பதும் சேர்ந்தே போனது. அவர்களை யாரும் கேட்கவே இல்லை.

53 கோடிப் பேருக்கு வந்த ஒரே திரை

நாடே ஒரே நேரத்தில் இப்படி ஒரு திரையின் முன் நின்றது 2021 ஜனவரி முதல் வாரத்தில். வாட்ஸ்அப் அன்று அனுப்பிய அறிவிப்பைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். பிப்ரவரி 8-க்குள் புதிய விதிமுறைகளை ஏற்றுக்கொள்ளுங்கள், விருப்பமில்லை என்றால் கணக்கை அழித்துவிட்டுப் போக வழி இருக்கிறது என்றது அது. கொரோனாவால் வீட்டுக்குள் முடங்கி, பிள்ளைகளின் வகுப்பு, வியாபாரம், ஆஸ்பத்திரிச் சீட்டு, வெளிநாட்டில் இருக்கும் மகனின் முகம் எல்லாம் அந்த ஒரு செயலி வழியாகவே வந்துகொண்டிருந்த காலம் அது. இந்தியாவில் 53 கோடிப் பேர் அதைப் பயன்படுத்துவதாக அடுத்த மாதம் மத்திய அரசே கணக்குச் சொன்னது.

இந்தக் கதைக்கு ஒரு முன்கதை உண்டு. 2014-ல் வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. இரண்டு நிறுவனங்களின் பயனாளர் கணக்குகளையும் நம்பகமாக இணைத்துப் பொருத்தத் தங்களால் முடியாது என்று அப்போது ஐரோப்பிய ஆணையத்திடம் சொன்னது. 2016 ஆகஸ்டில் விதிமுறை மாறியது. தொலைபேசி எண் உள்ளிட்ட விவரங்கள் ஃபேஸ்புக்குக்குப் போகலாம் என்றானது. அந்தப் பொருத்தும் வழி 2014-லேயே இருந்தது என்று கண்டறிந்த ஆணையம், தவறான தகவல் தந்ததற்காக 2017 மே மாதம் 11 கோடி யூரோ அபராதம் விதித்தது.

ஆனால் 2016-ல் ஒரு சிறிய கதவாவது திறந்திருந்தது. ஏற்கெனவே கணக்கு வைத்திருந்தவர்கள் 30 நாளுக்குள் ‘விளம்பரத்துக்காக என் விவரத்தைத் தர வேண்டாம்’ என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிவிட்டு வாட்ஸ்அப்பிலேயே தொடரலாம். 2021-ல் அந்தக் கதவையும் சாத்தினார்கள். நீங்கள் அம்மாவுக்கு அனுப்பும் செய்தியை ஃபேஸ்புக் படிக்கப் போகிறது என்று அப்போது பரவிய வதந்தி உண்மையில்லை. தனிப்பட்ட செய்திகளுக்கான மறையாக்கம் அப்படியேதான் இருந்தது. பிரச்னை வேறு. யாரோடு எப்போது பேசுகிறீர்கள், எந்தப் போனில், எந்தக் கடையில் என்ன கேட்டீர்கள் என்பன போன்ற விவரங்கள்தான் பேச்சாக இருந்தன. அவற்றைத் தர மறுத்துவிட்டுச் செயலியில் இருக்க வழியே வைக்கவில்லை என்பதுதான் அதைவிடப் பெரிது.

எதிர்ப்பு கிளம்பியது. மக்கள் சிக்னலையும் டெலிகிராமையும் இறக்கினார்கள். நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து விளக்கம் சொன்னது வாட்ஸ்அப். விதிமுறையைத் திரும்பப் பெறும்படி மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் கடிதம் எழுதியது. கடைசித் தேதி மே 15-க்குத் தள்ளிப்போனது.

அந்த மே மாதம் அவர்கள் அறிவித்த ஏற்பாட்டை எத்தனை முறை நினைத்தாலும் மனம் ஆறவில்லை. ஏற்காதவரின் கணக்கை அழிக்க மாட்டோம் என்றார்கள். ஆனால் நினைவூட்டல் விடாமல் வந்துகொண்டே இருக்கும். சில வாரம் கழித்து உரையாடல் பட்டியலைத் திறக்க முடியாது. அழைப்பு வந்தால் எடுக்கலாம், அறிவிப்பாக வரும் செய்திக்குப் பதில் போடலாம். இன்னும் சில வாரம் போனால் அழைப்பும் வராது, செய்தியும் வராது. வாடகைக்கு இருப்பவரை வெளியேற்ற முதலில் தண்ணீரை நிறுத்தி, பிறகு மின்சாரத்தை நிறுத்துகிற வீட்டுக்காரரைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதே வழி. அதுவும் இரண்டாம் அலை உச்சத்தில், ஆக்சிஜன் சிலிண்டர் எங்கே கிடைக்கும் என்று அந்தக் குழுக்களில்தான் ஊரே கேட்டுக்கொண்டிருந்த மாதத்தில்.

அந்த மாதம் முடிவதற்குள் நிறுவனம் பின்வாங்கியது. ஏற்காதவர்களுக்கும் சேவையைக் குறைக்க மாட்டோம் என்று மே 22-ல் அரசுக்கு எழுதிக் கொடுத்தது. ஆனால் இந்த உறுதிமொழி எத்தனை பேருக்குத் தெரியும்? அண்ணாச்சிக்குத் தெரியாது. எனக்கே பின்னால்தான் தெரிந்தது. அதற்குள் கோடிக்கணக்கானவர்கள் ‘ஏற்கிறேன்’ என்று அமுக்கி முடித்திருந்தார்கள். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, இந்த உறுதிமொழியை ஐந்து தேசிய நாளிதழ்களில் இரண்டு முறை விளம்பரமாக வெளியிடச் சொல்ல வேண்டியிருந்தது. அமுக்கச் சொல்லும் அறிவிப்பு ஒவ்வொருவர் கைக்கும் வந்தது. அமுக்க வேண்டியதில்லை என்ற செய்தி இரண்டு வருஷம் கழித்துப் பேப்பரில் வந்தது.

தலைக்கு நான்கு ரூபாய்

இந்தக் கட்டாயச் சம்மதத்தை எதிர்க்க இந்தியாவில் முதலில் கைகொடுத்தது நுகர்வோர் சட்டமோ தரவுச் சட்டமோ அல்ல, போட்டிச் சட்டம். 2021 மார்ச் 24-ல் இந்தியப் போட்டி ஆணையம் தானாகவே முன்வந்து விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்த விசாரணையே கூடாது என்று வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. தனி நீதிபதி தள்ளுபடி செய்தார், இரு நீதிபதிகள் அமர்வு தள்ளுபடி செய்தது, 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. விசாரணையைத் தொடங்கலாமா என்பதற்கே ஒன்றரை வருஷம் ஆனது.

2024 நவம்பர் 18-ல் தீர்ப்பு வந்தது. ‘ஏற்றுக்கொள், இல்லையென்றால் போ’ என்ற நிபந்தனை, ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியது என்றது ஆணையம். உறவும் நட்பும் வியாபாரமும் மொத்தமாக ஒரு செயலியில் இருக்கும்போது, ஒருவர் மட்டும் தனியாக வேறு செயலிக்குப் போய் யாரோடு பேசுவார்? அந்த நிலையில் கேட்பது நியாயமான தேர்வு ஆகாது என்பதே அதன் சாரம். ஃபேஸ்புக்கின் இன்றைய பெயரான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம். விளம்பரத்துக்காக விவரங்களைப் பகிர ஐந்து ஆண்டுத் தடை. 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஐந்து ஆண்டுத் தடையை நீக்கியது.

213.14 கோடியை 53 கோடியால் வகுத்துப் பார்த்தேன். தலைக்கு நான்கு ரூபாய் வருகிறது. அந்த நான்கு ரூபாயும் பயனாளருக்கு வராது, அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். ஆணையத்தின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அது சொன்ன நியாயம் நீண்ட நாள் நிற்கும். ஆனால் போட்டிச் சட்டத்தால் சந்தையில் முதலிடத்தில் இருக்கும் பெரிய நிறுவனத்தைத்தான் பிடிக்க முடியும். அண்ணாச்சியின் கணக்குச் செயலி போலச் சந்தையில் பத்தில் ஒன்றாக இருப்பது அந்த வலையில் விழாது. பூட்டு என்னவோ ஒரே பூட்டுதான்.

நம் நீதிமன்றங்களுக்கு இந்தப் பூட்டு புதிதல்ல. கொல்கத்தாவில் இருந்த மத்திய உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக் கழகம், மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துக் காரணம் சொல்லாமல் யாரையும் வேலையை விட்டு அனுப்பலாம் என்று பணி விதியில் எழுதி வைத்திருந்தது. 1986-ல் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. பேரம் பேசும் பலம் துளியும் இல்லாதவர், வேறு வழியின்றிப் புள்ளிக்கோட்டில் போடும் கையெழுத்து அவரைக் கட்டாது என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் விரிவாகவே இருக்கிறது. நியாயமற்ற ஒப்பந்தங்களுக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று 2006-ல் சட்ட ஆணையம் தன் 199-வது அறிக்கையில் சொன்னது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற பிரிவு ஒருவழியாக வந்து சேர்ந்தது.

ஆனால் அங்கே ஒரு தடை. அந்தச் சட்டத்தின்படி, விலை கொடுத்துப் பொருளோ சேவையோ பெறுபவரே நுகர்வோர். இலவசச் செயலிக்கு விலை எங்கே என்று நிறுவனத்தின் வக்கீல் முதல் நாளே கேட்பார். விலைதான் நம் விவரங்கள். அதை விலையாக ஒப்புக்கொள்ளும் ஒரு வரியைச் சட்டத்தில் சேர்க்காதவரை, காசு கட்டாத பயனாளர் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கும். மேலும், நியாயமற்ற ஒப்பந்தப் புகாரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட முடியாது. மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். திருநெல்வேலியிலோ தர்மபுரியிலோ இருக்கும் கடைக்காரர் ஒரு பச்சைப் பொத்தானுக்காக அவ்வளவு தூரம் போவாரா?

2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதைவிடக் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. திரையை வடிவமைக்கும் விதத்திலேயே நம்மை ஏமாற்றும் 13 தந்திரங்களை அவை பட்டியலிட்டிருக்கின்றன. ஒன்றைப் பெற வேண்டுமானால் தொடர்பே இல்லாத இன்னொன்றைச் செய்யக் கட்டாயப்படுத்துவதும், விடாமல் நச்சரிப்பதும் அதில் உண்டு. இப்படி ஒரு திரை வந்தால் படம் பிடித்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். இதை அண்ணாச்சிக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

ரீசார்ஜுக்கு உள்ள பாதுகாப்பு

இதையெல்லாம் எட்டாக்கனி என்று யாராவது சொன்னால், கையில் இருக்கும் சிம் கார்டைக் காட்டலாம். ஒரு கட்டணத் திட்டத்தில் சேர்ந்தால் ஆறு மாதத்துக்கு அதன் கட்டணத்தை உயர்த்தக் கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதி. நிறுவனம் பிடிக்கவில்லையா, 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம். கிரெடிட் கார்டிலும் அப்படித்தான். கட்டணத்தை மாற்றினால் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும், பிடிக்காமல் கார்டைத் திருப்பித் தருபவரிடம் அதற்கென்று கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது ரிசர்வ் வங்கி. போனுக்கும் வங்கிக்கும் பொருந்தும் நியாயம் செயலிக்கு மட்டும் ஏன் பொருந்தவில்லை? அதைக் கேட்கும் பொறுப்பு இன்னும் எந்த அமைப்பின் மேசையிலும் முழுதாக வைக்கப்படவில்லை என்பதே என் கணிப்பு.

வெளிநாடுகளில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறது என்பதும் இல்லை. 2024-ல் அமெரிக்காவில் ரோக்கு நிறுவனத்தின் டிவியை வீட்டில் வைத்திருந்தவர்கள், ஒரு நாள் டிவியைப் போட்டால் படத்துக்குப் பதில் புதிய விதிமுறையைப் பார்த்தார்கள். தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் நடுவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டுமாம். ஒப்புக்கொண்டால்தான் டிவி ஓடும். அந்த நடுவர் விதியிலிருந்து விலக வேண்டுமானால் தபாலில் கடிதம் எழுதிப் போட வேண்டும். காசு கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டிய டிவி அது.

ஆனால் ஜெர்மனியில் வேறு மாதிரி நடந்தது. போஸ்ட்பேங்க் என்ற வங்கி தன் வாடிக்கையாளர்களுக்கு விதிமுறை மாற்றத்தை அனுப்பி, இரண்டு மாதத்துக்குள் மறுக்காவிட்டால் சம்மதித்ததாகவே கொள்வோம் என்று எழுதியிருந்தது. மௌனம் சம்மதம் ஆகாது என்று 2021 ஏப்ரலில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. வாட்ஸ்அப் விஷயத்திலேயே, ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகளின் புகாருக்குப் பிறகு 2023 மார்ச்சில் நிறுவனம் ஓர் உறுதிமொழி தந்தது. இனி மாற்றம் வரும்போது என்ன மாறுகிறது என்று தெளிவாகச் சொல்வோம், ‘ஏற்கிறேன்’ எவ்வளவு கண்ணில் படுகிறதோ அவ்வளவு ‘மறுக்கிறேன்’ என்பதும் கண்ணில் படும். அண்ணாச்சி கேட்ட பொத்தான் அதுதான். அதே நிறுவனம், அதே செயலி, அங்கே தர முடிகிறது.

நம்மிடம் இப்போது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 2027 மே ஆகும். அதில் ஒரு நல்ல உதாரணம் எழுதியிருக்கிறார்கள். மருத்துவ ஆலோசனை தரும் செயலி ஒன்று உங்கள் தொடர்பு எண்கள் பட்டியலையும் சேர்த்துக் கேட்கிறது, நீங்களும் சரி என்கிறீர்கள். சரி என்று சொன்னாலும் அந்தச் சம்மதம் மருத்துவத்துக்குத் தேவையான விவரத்துக்கு மட்டுமே செல்லும், எண்கள் பட்டியலுக்குச் செல்லாது. சம்மதம் நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும், கொடுத்த அளவு எளிதாகத் திரும்பப் பெற முடிய வேண்டும், அறிவிப்பைத் தமிழ் உட்பட அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் கேட்டுப் பெறலாம் என்பதெல்லாம் சட்டத்திலேயே இருக்கிறது. நன்றாகச் செயல்படுத்தினால் அண்ணாச்சியின் பச்சைப் பொத்தானுக்கு இதுவே பதில்.

இரண்டு குறைகள் மட்டும் உறுத்துகின்றன. அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். பாதிக்கப்பட்டவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது. இரண்டாவது, 2019-ல் வந்த மசோதாவில் இருந்த ஓர் உரிமை இறுதிச் சட்டத்தில் காணவில்லை. நம் விவரங்களை மொத்தமாக எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போகும் உரிமை அது. ஐரோப்பாவில் 2018 முதல் இருக்கிறது. எல்லா விதிமுறை மாற்றமும் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. பாதுகாப்புக்காக, சட்டத்துக்காக மாற்றித்தான் ஆக வேண்டிய நேரம் உண்டு. அதற்கு அறிவிப்பு போதும். நிறுவனத்தின் லாபத்துக்காகச் செய்யும் மாற்றத்துக்குத் தனியாகக் கேட்க வேண்டும், மறுத்தால் நேற்று வரை கிடைத்த சேவை நாளையும் கிடைக்க வேண்டும், அதுவும் முடியாது என்றால் கணக்கை ஒரே மூட்டையாகக் கட்டிக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

அந்த மூட்டை இல்லாததன் கஷ்டத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். மதியம் கடை சாத்தியிருந்த நேரம், அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். மொத்தக் கணக்கையும் ஒரே தடவையில் இறக்க அந்தச் செயலியில் எங்கேயும் வழி தட்டுப்படவில்லை. ஒவ்வொரு பெயராகத் திறந்து, ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆக இறக்க வேண்டியிருந்தது. நான் போனில் படித்தேன். அவர் மகள் பழைய நீள நோட்டை எடுத்து வந்தாள். கடைசியாக எழுதியிருந்த பக்கத்தில் 2020 ஏப்ரல் தேதி இருந்தது. ஒரு பக்கம் விட்டு, மேலே பிள்ளையார் சுழி போட்டு எழுத ஆரம்பித்தாள். ஐந்து மணிக்குக் கடையைத் திறக்க வேண்டும் என்று அண்ணாச்சி எழுந்தபோது 60 வீடுகள் முடிந்திருந்தன. மிச்சம் 80 வீட்டை வருகிற ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.